பின்வீட்டுக்குப் போகும் ஒயர்

கேட்டின் மேல் ஒரு தகரத்தை ஆணியடித்து, அதில் வெள்ளைப் பெயிண்டால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: "சாத்து." தயவுசெய்து, நன்றி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில், விம்மெராவின் கோதுமைக் காட்டில் அது மரியாதைக் குறைவு அல்ல. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் சாத்தியிருந்த கேட்டைச் சாத்தியும் விட்டுப் போகிறவன் மனுஷன். மற்ற குணங்களையெல்லாம் அதற்கப்புறம் விசாரித்துக்கொள்வார்கள்.

பாஸ்கோ வேனை விட்டு இறங்கினான். கேட்டைத் திறந்தான், வேனை உள்ளே விட்டான், மறுபடி இறங்கிச் சாத்தினான். ஜூலை மாதத்துக் குளிர்காலச் சேறு பூட்ஸின் பாதி வரை ஏறியது. கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தபால் பெட்டிகள் நின்றன. ஒன்றில் பால்காரக் கம்பெனியின் விளம்பரத் தாள் நனைந்து கிடந்தது. மற்றதின் வாய் துருப்பிடித்து மூடியிருந்தது.

அவன் கையிலிருந்த வேலைச் சீட்டில் விவரம் சுருக்கமாக இருந்தது. நெவில் நோஸ்கி, வயது எழுபத்தெட்டு, தனியாக இருக்கிறார். தினமும் மாலை ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது இணைய இணைப்பு அறுந்துபோகிறது, கால் மணி நேரத்தில் தானாகத் திரும்புகிறது. இதற்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்து, இருவருமே "கோளாறு இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இருவரும் வந்தது காலை பத்து மணிக்கு. மாலையில் காய்ச்சல் வருகிறவனைக் காலையில் தொட்டுப் பார்த்து, உடம்பு ஜில்லென்றுதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன வைத்தியர்கள்.

பாஸ்கோ மூன்றரைக்கு வந்திருந்தான். அவனுக்கு அவசரமும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. விவாகரத்தான பிறகு ஒன்பது மாதமாக ஹார்ஷமில் ஒரு மோட்டலில் ஏழாம் நம்பர் அறைதான் அவனுக்கு எல்லாம். அங்கே கட்டிலருகே ஒரு பழைய தொலைபேசி இருந்தது. வந்த முதல் நாளே, தொழில் புத்தி, அதன் ஒயரை இழுத்துப் பார்த்தான். ஒரு முழத்துக்கு அப்பால் அறுத்துவிட்டிருந்தார்கள். வெறும் அழகுக்கு வைத்திருந்த பொருள். அப்போது அவனுக்கு அதன்மேல் ஒரு தோழமைகூட வந்தது.

நெவில் வாசலிலேயே நின்றார். உயரமான, எலும்பான மனிதர். கம்பளிச் சட்டையின் இரு முழங்கையிலும் ஓட்டை.

"மூணாவது ஆளு நீ," என்றார். "முதல் ஆளு வெனிலா ஸ்லைஸ் ரெண்டு தின்னான். ரெண்டாவது ஆளு, நாயைக் கட்டிப் போட்டாதான் வேலை செய்வேன்னான். நீ என்ன பண்ணப் போற?"

"ஒயரைப் பாக்கப் போறேன்."

"அட. அது புதுசா இருக்கே."

"நாய் எங்க?"

"நாய் கிடையாது, தம்பி. உள்ள வா, குளிரு."

சமையலறை மேசைமேல் மோடம் இருந்தது, பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. நெவிலின் மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அவர் கீழே விழுந்தால், மயங்கினால், அந்தப் பட்டை மோடம் வழியாக எங்கோ ஓர் அலுவலகத்துக்குச் சொல்லும். மோடம் செத்துப்போனால், பட்டைக்குப் பேச்சில்லை என்று அதே அலுவலகம் ஜீலாங்கில் இருக்கும் அவர் மகள் ஜெனீனுக்குச் சொல்லும். தினமும் ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா செத்திருக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு தகவல். தினமும் ஐந்தேகாலுக்குள் இல்லை என்று இன்னொரு தகவல். இப்படியே ஏழு வாரம்.

"வெள்ளிக்கிழமை வர்றா," என்றார் நெவில். "பெட்டியோட. முதியோர் இல்லத்துல ரூம் பாத்து வெச்சிருக்கா. ஜன்னலைத் தொறந்தா கார் பார்க்கிங்காம். எழுபத்தெட்டு வருஷம் இந்தக் காட்டைப் பாத்த கண்ணு, இனிமே கார் பார்க்கிங் பாக்கணுமாம்."

"இன்னிக்கு புதன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"இது ஒழுங்கா வேலை செஞ்சா?"

"நான் இங்கயே சாகலாம்." டீக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்பதுபோல் சொன்னார்.

பாஸ்கோ எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வியைக் கேட்டான். "சமீபத்துல ஏதாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணுமே மாத்தல."

எல்லா வீட்டிலும் கிடைக்கும் பதில் இது. கூரையைக் கழற்றி மாட்டியவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் பாஸ்கோ பதிலைக் குறித்துக்கொள்ளாமல் கூடத்துக்குப் போனான். அங்கே சுவரில், ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் முழுக்க வெளிறிப் போயிருக்க, ஒரே ஓர் இடம் மட்டும் புதுசாக இருந்தது. இரண்டு கை அகலம். மேலே குறுகி, கீழே பரந்த ஒரு உருவம். அதன் கீழே ஒரு நாற்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது. பார்த்தான். கடந்து போனான். பிறகுதான் அதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டான்.

மோடத்தைத் திறந்து அதன் குறிப்புகளைப் படித்தான். மே மாத நடுவில் ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் தவறவில்லை. நாலு ஐம்பது, நாலு ஐம்பது, நாலு ஐம்பது. மழையும் இல்லை, எறும்பும் இல்லை. எறும்புக்குக் கடிகாரம் கிடையாது. அவனுக்கு இந்த மாதிரி அறுபடல் பழக்கம்தான். இருபது வருடம் முன்பு வீட்டுக்கு வீடு பார்த்தது. ஒரே ஒயரில் இணையமும் தொலைபேசியும் இருந்து, வீட்டில் யாராவது பக்கத்து அறையில் ரிசீவரைக் கையில் எடுத்தால், இணையம் இப்படித்தான் விழும்.

யாரோ தினமும் ஒரு ரிசீவரை எடுக்கிறார்கள்.

இந்த வீட்டில் ரிசீவரே இல்லை.

அவன் வெளியே போய், கேட்டருகே தரையிலிருந்த குழிமூடியைத் திறந்து, ஒயரில் தன் அளவுக் கருவியை மாட்டினான். அது ஒயருக்குள் ஒரு தட்டுத் தட்டும். எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து, ஒயர் எங்கே முடிகிறது என்று மீட்டர் கணக்கில் சொல்லும். அறுபதாவது மீட்டரில் ஓர் எதிரொலி, அது நெவிலின் வீடு. சரி. இருநூற்று எழுபதாவது மீட்டரில் இன்னொன்று.

ஒயர் வீட்டோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இன்னும் இருநூற்றுப் பத்து மீட்டர் போயிற்று. பழைய காலத்து வழக்கம் அது. இரண்டாவது வீட்டுக்கும் அதே ஒயரிலிருந்து ஒரு கிளையை இழுத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கிளையை எல்லோரும் மறந்துபோவார்கள். அது மட்டும் மண்ணுக்குள் விழித்துக்கொண்டே கிடக்கும். இதுவரை எல்லாம் புத்தகத்தில் இருக்கிற விஷயம்.

ஆனால் அறுந்த முனைக்கு ஒரு மாதிரி எதிரொலி வரும். முனையில் ஒரு தொலைபேசி மாட்டியிருந்தால் வேறு மாதிரி வரும்.

இது வேறு மாதிரி வந்தது.

"பின்னாடி இன்னொரு போன் இருக்கா?" என்று சமையலறைக்குத் திரும்பிக் கேட்டான்.

நெவில் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கி முடிந்தும் கலக்கினார். "பின்னாடி அண்ணன் வீடு. எர்வின் வீடு."

"அங்க போன் இருக்கா?"

"அங்க வீடே இல்லையே."

"இடிச்சிட்டீங்களா?"

"போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"லாரில. ரெண்டா அறுத்து, ரெண்டு லாரில ஏத்திட்டுப் போனாங்க. ஸ்டாவெல் பக்கம் யாரோ வாங்குனாங்க. ஏழு வருஷம் ஆச்சு." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார். "நல்ல வீடு. பாத்ரூம்தான் கொஞ்சம் சின்னது."

பாஸ்கோ கட்டரையும் சோதனை ரிசீவரையும் இடுப்பில் மாட்டிக்கொண்டான், அளவுக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டான். சோதனை ரிசீவர் என்பது இரண்டு பல்லுள்ள கிளிப் வைத்த ஒரு கைத்தொலைபேசி. எந்தக் கம்பியில் கடிக்கவிட்டாலும் உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்கலாம்.

"இப்ப போகாத," என்றார் நெவில். "மணி நாலரை ஆச்சு."

"நாலு ஐம்பதுக்குத்தான் போகணும். அப்பத்தான தெரியும்."

கிழவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய், சுவரில் வெளிறாத இடத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. முளைத்து ஒரு சாண் உயர்ந்த கோதுமை, வானம் முடிகிற இடம் வரைக்கும். நடுவில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், அங்கே மிளகு மரம் என்று சொல்லும் நிழல்மரங்கள் நாலு பக்கமும் நின்றன. அவை சுற்றி நிற்க வேண்டிய வீடு மட்டும் அங்கே இல்லை. புல்லுக்குள் வரிசையாகக் கட்டைகள், வீட்டைத் தாங்கியிருந்த கால்கள். முன்பக்கம் மூன்று சிமென்ட் படிகள். ஏறினால் போய்ச் சேர எதுவும் கிடையாது. அந்தப் படியையும் லாரிக்காரன் எடுத்துப் போயிருக்கலாம் என்று பாஸ்கோவுக்குத் தோன்றியது.

ஒயர் முனையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. படிக்கு இடதுபுறம் புல்லிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தான். பச்சைக் களிம்பு பிடித்த இரண்டு செம்புக் கம்பிகள். ஒன்றையொன்று தொடவில்லை, வேறெதையும் தொடவில்லை. காற்றில் நின்றன.

அப்படியானால் கருவி பொய் சொல்லியிருக்கிறது. ஈரம் ஏறியிருக்கும். கருவியைத்தான் மாற்ற வேண்டும். இந்த முடிவு அவனுக்குப் பிடித்திருந்தது.

சோதனை ரிசீவரின் கிளிப்புகளை இரண்டு கம்பியிலும் கடிக்கவிட்டான். காதில் வைத்தான். பேச்சுக்கான மின்சாரத்தை இந்த ஒயரில் நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. செத்த ஒயரின் சத்தமின்மை அவனுக்குத் தெரியும். அது பஞ்சு மாதிரி இருக்கும். இதுவும் பஞ்சு மாதிரிதான் இருந்தது.

நாலு நாற்பத்தொன்பது.

முதலில் வந்தது வாசனை. மண்ணெண்ணெய் ஹீட்டர், கூடவே கருகிய ரொட்டி. நெவிலின் வீட்டை விட்டால் சுற்றிலும் மைல் கணக்கில் அடுப்பு கிடையாது.

பிறகு காதுக்குள் ஒரு சொடுக்கு.

பஞ்சு விலகியது. அந்தப் பக்கம் ஓர் அறை இருந்தது. அறை என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவர்கள் இருப்பது காதுக்குத் தெரியும். ஒரு சுவர்க்கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. தரையில் ஒரு நாயின் நகங்கள் இங்கும் அங்குமாக நடந்தன.

ரிசீவருக்கு மிக அருகில், ஒரு மூச்சு.

"யாரு?" என்றான் பாஸ்கோ. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பேச விரும்பாத ஒருவர், ஆனால் வைத்துவிடவும் விரும்பாத ஒருவர்.

அவன் இன்னொரு கையால் அளவுக் கருவியைக் கம்பியில் வைத்தான். ரிசீவர் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அது காட்டியது. கம்பிகள் இரண்டும் அவன் கண் முன்னால் காற்றில் நின்றன.

நாயின் நகங்கள் நின்றன.

பிறகு முதல் படியில் ஒரு சத்தம். ரிசீவருக்குள் இல்லை.

இரண்டாவது படியில்.

மூன்றாவது படியில்.

அதற்கப்புறம் புல். புல்லில் நகம் சத்தம் போடாது.

அவன் முழங்காலுக்குப் பின்னால், பேண்ட் துணியின் மேல், சூடாக ஏதோ மூக்கு வைத்து முகர்ந்தது.

ரிசீவரை அப்படியே கம்பியில் விட்டுவிட்டு பாஸ்கோ நடந்தான். ஓடவில்லை. ஓடினால் அது ஓட வேண்டிய விஷயம் என்று ஆகிவிடும். இருநூற்றுப் பத்து மீட்டரும் நடந்தான், திரும்பிப் பார்க்காமல், வேலியைத் தாண்டும்போது பேண்ட் கிழிந்ததைக்கூடக் கவனிக்காமல்.

சமையலறையில் மோடம் சிவப்பாக இருந்தது. நெவில் அதே நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

"மூச்சு விட்டானா?" என்று கேட்டார்.

பாஸ்கோ தலையசைத்தான்.

"பேச மாட்டான். பிடிவாதக்காரன்." கிழவர் மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டார். "தொண்ணூத்தொண்ணுல யாரோ நடு கேட்டைத் தொறந்து போட்டுட்டாங்க. நாப்பத்திரெண்டு ஆடு ஈரக் குதிரைமசால் காட்டுக்குள்ள பூந்து, தின்னு, வயிறு ஊதிச் செத்துச்சு. நான் தொறக்கல. அவன் தொறக்கலன்னு சொன்னான். அன்னையிலேர்ந்து பேச்சு இல்ல."

"எத்தனை வருஷம்?"

"அவன் சாகற வரைக்கும். இருபத்தஞ்சு." அவர் சுவரைப் பார்க்காமல் சுவரைக் காட்டினார். "ஆனா ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஒயரு. அங்க எடுத்து வெச்சா இங்க மணி ஒரு தடவை டிங்குன்னும். இங்க எடுத்து வெச்சா அங்க. ஆறேழு மாசம் போயிருக்கும், ஒரு நாள் சாயங்காலம் டிங்குன்னுச்சு. ஐந்தாகப் பத்து நிமிஷம். நான் எடுத்து, வெச்சேன். மறுநாளும் அதே நேரம். அவ்வளவுதான். நான் உயிரோட இருக்கேன், நீ இருக்கியா, இருக்கேன். அதுக்கு எதுக்குப் பேசணும்."

மோடத்தின் சிவப்பு அவர் கண்ணாடியில் விழுந்து கிடந்தது.

"எட்டு வருஷம் முன்ன, இதே ஜூலை. அன்னைக்குக் காலைல மறுபடி கேட்டு தொறந்து கெடந்துச்சு. எனக்கு வந்த கோவம். சாயங்காலம் டிங்குன்னுச்சு. நான் எடுக்கல. கெடக்கட்டும்னு விட்டேன். மறுநாள் மணி அடிக்கல. ரோஷம் பாரு இவனுக்குன்னேன். அதுக்கு மறுநாளும் இல்ல. சரி, எத்தனை நாள் தாங்கறான்னு பாப்போம்னேன்."

"எத்தனை நாள்?"

"ஒன்பது." டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரு வாய் குடித்தார். "ரிசீவர் கையில இருந்துச்சு. நாய் பக்கத்துலயே படுத்திருந்துச்சு, அதுவும் பிழைக்கல. அடக்கம் பண்ணிட்டு வந்து இந்த நாற்காலில உக்காந்தேன். ஐந்தாகப் பத்து நிமிஷத்துல டிங்குன்னுச்சு."

பாஸ்கோ சுவரின் வெளிறாத இடத்தைப் பார்த்தான்.

"வீட்டை வித்தா நிக்கும்னு நெனச்சேன். லாரி போன அன்னைக்கும் அடிச்சுது. லாரிக்காரன் டீ குடிச்சிட்டிருந்தான், போன் அடிக்குதேன்னான். அப்புறம் பழகிடுச்சு. எடுப்பேன், வெப்பேன். மே மாசம் ஜெனீன் வந்து, எதுக்குப்பா இந்தப் பழைய போனுன்னு கழட்டி வெச்சிட்டுப் போயிட்டா."

"ஒண்ணுமே மாத்தலன்னீங்களே."

"இன்டர்நெட்டுல என்ன மாத்துனேன்னு நீ கேக்கறன்னு நெனச்சேன்."

பாஸ்கோ இடுப்பிலிருந்த கட்டரைத் தொட்டான். விதி தெளிவாக இருந்தது: பயனில்லாத கிளை இருந்தால் வெட்ட வேண்டும். வீட்டுக்குப் பின்சுவரிலேயே வெட்டலாம், அந்தப் படிகள் பக்கமே போக வேண்டியதில்லை. இரண்டு நிமிட வேலை. அதைச் சொன்னான்.

"வெட்டுனா நான் இங்கயே இருக்கலாம்?"

"இருக்கலாம். ஒயர் சுத்தமாயிடும். மகள் வெறும் கையோட திரும்பிடுவாங்க."

"அவன்?"

அந்தக் கேள்விக்கு வேலைச் சீட்டில் இடம் இல்லை.

"நீ எங்க தங்கியிருக்க, தம்பி?" என்று கேட்டார் நெவில்.

"ஹார்ஷம். மோட்டல்ல. ஏழாம் நம்பர் ரூம்."

"இன்னிக்கு நீ ரூமுக்குப் போய்ச் சேரல. வழியில ஏதோ ஆயிடுச்சு. எத்தனை நாள்ல யாரு தேடுவாங்க?"

பாஸ்கோ நேர்மையாக யோசித்தான். வியாழன், வெள்ளி விடுப்பு எடுத்திருந்தான். சனி, ஞாயிறு யாரும் கேட்க மாட்டார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு வேலைச் சீட்டு போகும், அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். வேறொருவனுக்கு மாற்றிவிடுவார்கள். "செவ்வாய்க்கிழமை," என்றான். "வேன் அவங்களுக்கு வேணும்."

"ஆறு நாள். எங்க அண்ணனுக்கு நீ பரவால்ல."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கமான கால் மணி தாண்டியும் மோடம் சிவப்பாகவே இருந்தது. அங்கே ஒரு கை, பதில் மணிக்காக, இன்னும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த போன் எங்க?" என்றான் பாஸ்கோ.

துணி துவைக்கும் அறை அலமாரியில், பழைய போர்வைக்குள் இருந்தது. கனமான, தந்த நிறத் தொலைபேசி, வயிற்றுக்குள் நிஜமான மணி. பாஸ்கோ அதைச் சுவரின் வெளிறாத இடத்தில் மாட்டினான், கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கும் மோடத்துக்கும் நடுவே ஒரு வடிகட்டியைப் போட்டான். இனி ரிசீவரை எடுத்தாலும் இணையம் விழாது. கிளையின் மேலும் ஒன்று போட்டான், பின்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே. கட்டர் இடுப்பிலேயே இருந்தது.

நெவில் எழுந்து நின்றார். சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். ரிசீவரை எடுத்தார். காதில் வைக்கவில்லை. மார்பில் ஒரு கணம் வைத்திருந்துவிட்டு, மெதுவாகத் தாங்கியில் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு சுவரில், மின்சாரமே இல்லாத ஒயரில், மணி ஒரே ஒரு தடவை அடித்தது.

டிங்.

மோடத்தின் விளக்கு பச்சைக்கு மாறியது.

"ஏழு வாரம் காக்க வெச்சிட்டேன்," என்றார் நெவில். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "வெனிலா ஸ்லைஸ் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போறியா?"

பாஸ்கோ சீட்டில் எழுதினான்: "பழைய கருவி மீண்டும் பொருத்தப்பட்டது. கோளாறு இல்லை." அவனுக்கு முன்னால் வந்த இருவரும் எழுதிய அதே வார்த்தைகள். அவர்களும் ஒருவேளை அவ்வளவு சோம்பேறிகள் இல்லையோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வேன் கதவைத் திறந்தபோது ஓட்டுநர் இருக்கையில் அவனுடைய சோதனை ரிசீவர் இருந்தது.

படிகளுக்குப் பக்கத்தில், கம்பியில் கடித்தபடி விட்டு வந்தது. ஒயரை நான்காக மடித்து, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகி வைத்திருந்தது. பாஸ்கோ வாழ்நாளில் ஒரு தடவையும் ஒயரை அப்படிச் சுற்றியதில்லை. ரப்பர் பிடியில் லேசாக மண்ணெண்ணெய் வாசனை.

அதன்மேலேயே உட்கார்ந்து வேனைக் கிளப்பினான். கேட்டில் இறங்கினான், திறந்தான், வெளியே விட்டான். கண்ணாடியில் பார்த்தான். நெவிலின் ஜன்னலில் ஒரு வெளிச்சம். அதற்குப் பின்னால், மிளகு மரங்களுக்கு நடுவே, மூன்று படி உயரத்தில், இன்னொரு வெளிச்சம்.

நெடுஞ்சாலைக்கு வந்து, நாற்பது கிலோமீட்டர் போன பிறகுதான் கேட்டைச் சாத்தினோமா என்ற கேள்வி வந்தது. ஞாபகமில்லை. திரும்பிப் போகவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஜெனீன் கூப்பிட்டாள். வேலைச் சீட்டின் நகலில் அவன் எண் இருந்ததாம்.

"அப்பா திங்கக்கிழமை தவறிட்டாருங்க. அஞ்சு மணி வாக்குல. போனுக்குக் கீழ இருக்கற நாற்காலில. கையில கட்டியிருந்தது உடனே சொல்லிடுச்சு, நாப்பது நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வந்துடுச்சு." என்றாள். "பெரியப்பா மாதிரி கெடக்கல. அதுக்குத்தான் நன்றி சொல்லணும்னு."

"வருத்தமா இருக்குங்க."

"லைனை எடுக்கச் சொல்லிட்டேன். போனையும் கழட்டியாச்சு. வீட்டையும் யாரோ கேக்கறாங்க, லாரில எடுத்துட்டுப் போக."

அன்று மழை. வேலை சீக்கிரம் முடிந்து பாஸ்கோ அறைக்கு வந்து, பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, மடிக்கணினியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். படம் நின்றது. பக்கத்து அறையில் யாரோ இணையத்தைத் திட்டினார்கள். அதற்கடுத்த அறையிலும் திட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தான். தாழ்வாரத்துச் சுவரில் மோட்டலின் மோடம், விளக்கு சிவப்பு.

மணி பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

கதவு தட்டப்பட்டது. மோட்டலைப் பார்த்துக்கொள்ளும் ட்ரூடி, தலைமேல் செய்தித்தாளைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ளதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உயிரோட?" சிரித்தாள். "நானா கேக்கல. அப்படிக் கேக்கச் சொன்னாங்க. ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டிருந்தாங்க, ஏழாம் நம்பர் ரூம்னு."

"யாரு?"

"ரெண்டு பெரியவங்க. ஒரே போன்ல. ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தர் பிடுங்கறார். பின்னாடி நாய் வேற. உங்க சொந்தமா?"

"என்ன சொன்னாங்க?"

"ஏதோ பண்ணை கேட்டாம். அன்னைக்கு அதைத் தொறந்து போட்டுட்டுப் போனது நீங்கதானாம். முப்பது வருஷத்துக்கு மேல அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட முதல் விஷயமே அதுதானாம்." செய்தித்தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஒரே சிரிப்பு. உங்களுக்குப் புரியும்னாங்க. இன்டர்நெட்டு போயிடுச்சு, கொஞ்சம் பாக்கறீங்களா? உங்க தொழில்தான?"

அவள் போனாள். பாஸ்கோ கதவைச் சாத்தினான். நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

மழைச் சத்தத்துக்குள் கட்டில் பக்கத்துத் தொலைபேசி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதன் ஒயர் தரையில் ஒரு முழம் போய், அறுந்து கிடந்தது.

டிங்.

ஓர் ஆள் மூச்சை இழுத்து விடும் அளவுக்கு இடைவெளி.

டிங்.

பிறகு எதுவும் இல்லை. அறைக்குள் லேசாகக் கருகிய ரொட்டி வாசனை. பாஸ்கோ கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தாழ்வாரத்து விளக்கின் சிவப்பு, திரைச்சீலை வழியாக அவன் கைமேல் விழுந்தது. அவன் எடுத்து வைக்கிற வரைக்கும் அது பச்சைக்கு மாறாது என்று அவனுக்குத் தெரியும்.

அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அவன் தொழில்.